நியூயார்க் மேற்கேதானே இருக்கு?

போன வருஷம் மே கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போனேன். தங்கச்சி நியூஜெர்சியில் இருக்கிறாள், அவள் மகன் பள்ளிக்கூடம் முடிக்கிறான், தாத்தா வந்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் மின்வாரியத்தில் 31 வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்தே வயதான மனிதருக்கு, ரெண்டு இடத்துக்கு நடுவில் எது கிட்டத்து வழி என்று நானெல்லாம் சொல்லித்தர முடியாது.

நண்பகல் வாக்கில் கிளம்பினோம். நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும், முன்சீட்டு முதுகில் இருக்கிற திரையில் ஒரு படமும் பார்க்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர் என் கையைத் தட்டினார்.

"ஏம்மா, நியூயார்க் மேற்கேதானே இருக்கு? இவன் ஏன் ஜப்பான் பக்கம் போறான்?"

"உலகம் உருண்டைப்பா, எந்தப் பக்கம் போனாலும் போயிரலாம்" என்று சமாளித்தேன்.

"உருண்டைன்னு எனக்கும் தெரியும். சுத்திப் போறானா, குறுக்கே போறானா, அதைச் சொல்லு."

சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பதினஞ்சு தடவையாவது அந்த வரைபடத்தை நானும் பார்த்திருப்பேன், இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் தங்கச்சி வீட்டில் தூக்கம் வராமல் விடிகாலை மூணு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்த நாட்களில் நானும் அப்பாவும் இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நூல். பையன் சின்ன வயதில் வைத்திருந்த பூகோள உருண்டை ஒன்று பரண் பெட்டியிலிருந்து கிடைத்தது. தங்கச்சியின் தையல் டப்பாவிலிருந்து கொஞ்சம் நூல். அப்பா ஒரு முனையைச் சிங்கப்பூர் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார், நான் மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுத்தேன். முதலில் ஜப்பான் வழியாகத்தான் நூலைப் போட்டோம், இழுக்க இழுக்க அது அங்கே நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறிவிட்டது. சரி, ஐரோப்பா வழியாகப் போட்டுப் பார்ப்போம் என்று மேற்குப் பக்கம் வைத்து இழுத்தால் அதுவும் வழுக்கி அதே இடத்துக்கு வந்து நின்றது. கம்போடியா, லாவோஸ், சீனாவில் குன்மிங் பக்கம், மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, அப்புறம் ஆர்க்டிக் கடல், வடதுருவத்தை உரசுகிற மாதிரி போய் கிரீன்லாந்தின் ஓரம், பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க். ஜப்பானும் கிடையாது, ஐரோப்பாவும் கிடையாது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நியூயார்க் மேற்கேயும் இல்ல கிழக்கேயும் இல்ல. வடக்கே இருக்கு."

அதுதான் சரியான பதில். சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறைந்த தூரத்தில் போகவேண்டுமென்றால், நேர்வடக்கிலிருந்து மேற்காக இரண்டரை டிகிரி மட்டும் சாய்ந்து கிளம்பவேண்டும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், வடக்குப் பார்த்துக் கிளம்பிய விமானம் எங்கேயும் திரும்பாமல் நேராகவே போய், நியூயார்க்கில் தெற்குப் பார்த்து வந்து இறங்கும். திரும்பியது விமானம் இல்லை, வடக்கு என்று நாம் சொல்கிற திசைதான் நடுவழியில் தீர்ந்துபோனது.

இந்த நூல் படுத்திருந்த கோட்டுக்குப் பெயர் பெருவட்டம். ஒரு ஆரஞ்சைக் கத்தியால் எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், ஆனால் சரியாக நடு மையத்தைத் தொட்டு வெட்டினால்தான் ரெண்டும் சம பாதியாக வரும். அந்த வெட்டு தோலில் விடுகிற வட்டம்தான் பெருவட்டம். உருண்டையின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் அந்தப் புள்ளிகள் வழியாகப் போகும் பெருவட்டத்தின் சின்னப் பக்கம்தான். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம், தீர்க்கக்கோடுகள் ஜோடி சேர்ந்தால் பெருவட்டம். மற்ற அட்சக்கோடுகள் கிடையாது, அவை மையத்தைத் தொடாத சின்ன வட்டங்கள். அதனால்தான் ஒரே அட்சத்தில் இருக்கிற ரெண்டு ஊருக்கு நடுவில்கூட விமானம் அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு போவதில்லை.

அடுத்து ஸ்கேல். பையன் அறைச் சுவரில் ஒரு பெரிய உலக வரைபடம், வழக்கமாக எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தொங்குமே அந்த மெர்கேட்டர் படம். அதில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே நேராக ஒரு கோடு போட்டோம். கோடு வங்காள விரிகுடா வழியாக வந்து இலங்கையைத் தொட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம்பமாட்டீர்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஒரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அப்புறம் அரபிக்கடல், ஏமன் கரை, சூடான், சகாரா, கேனரி தீவுகள், அட்லாண்டிக், நியூயார்க். பார்க்க எவ்வளவு ஒழுங்கான நேர்கோடு! அதன் நீளம் சுமார் 18,500 கிலோமீட்டர். நூல் காட்டிய வழியோ 15,350 கிலோமீட்டருக்குப் பக்கம். வித்தியாசம் 3,100 கிலோமீட்டருக்கு மேல், அதாவது இந்தியாவின் வடக்கு உச்சியிலிருந்து தெற்கு முனை வரைக்கும் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு.

இதை வைத்து மெர்கேட்டரைத் திட்டுவது இணையத்தில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1569-ல் மெர்கேட்டர் என்கிற வரைபடக்காரர் அந்தப் படத்தைப் போட்டது கப்பல்காரர்களுக்காக. அதில் நேர்கோடு போட்டால், அந்தக் கோட்டில் போகிற வரைக்கும் திசைகாட்டி ஒரே கோணத்தைக் காட்டும். சிங்கப்பூர்–நியூயார்க் கோட்டில் அது வடக்கிலிருந்து மேற்காக 76 டிகிரி. கடிகாரமே சரியாக இல்லாத காலத்தில், நடுக்கடலில் நிற்கிற மாலுமிக்கு "இந்தக் கோணத்தை விடாதே, போய்ச் சேர்வாய்" என்று சொல்கிற படம் எவ்வளவு பெரிய விஷயம். குறைந்த தூரம் காட்டுவேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. படத்தைச் சுவரில் மாட்டி அதுதான் உலகம் என்று நினைத்துக்கொண்டது நாம்.

பெருவட்டத்தில் போகிறவனுக்கு அந்த வசதி கிடையாது, திசைகாட்டிக் கோணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கும். 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த லிண்ட்பர்க் பெருவட்டத்தை 100 மைல் துண்டுகளாக வெட்டி, மணிக்கு ஒருமுறை கோணத்தை மாற்றி மாற்றித்தான் ஓட்டினார். இப்போது கணினி செய்கிறது.

இனி அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பெருவட்டத் தூரம் கணக்குப் போட சைன், காஸ் எல்லாம் வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் மட்டும் ஒரு அதிர்ஷ்டம். சாங்கி கிழக்குத் தீர்க்கம் 103.99, கென்னடி மேற்குத் தீர்க்கம் 73.78. ரெண்டையும் கூட்டினால் 177.77. சரியாக 180 வந்திருந்தால் ரெண்டு ஊரும் ஒரே தீர்க்க வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம், பாதை துருவத்தின் மேலேயே போகும். ரெண்டு டிகிரிதான் குறை, அதை விட்டுவிடலாம். சாங்கி நிலநடுக்கோட்டிலிருந்து 1.36 டிகிரி வடக்கே, அங்கிருந்து துருவத்துக்கு 88.64. கென்னடி 40.64, துருவத்திலிருந்து கீழே அதற்கு 49.36. மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் (கடல் மைல் என்ற அளவே அப்படித்தான் பிறந்தது, அட்சத்தில் ஒரு நிமிஷம் ஒரு கடல் மைல்). 138 பெருக்கல் 60, 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 15,335. பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டையாக இருப்பதையும் சேர்த்துத் துல்லியமாகப் போட்டால் 15,349 வருகிறது. வெறும் 14 கிலோமீட்டர் வித்தியாசம். அப்பா இதை மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டார், அந்தத் தாளை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். விட்டுவிட்ட அந்த ரெண்டு டிகிரியால் உண்மையான பெருவட்டம் துருவத்தைச் சரியாகத் தொடாமல் சுமார் 280 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

சரி, நூல் இவ்வளவு தெளிவாக வடக்கே போகச் சொல்கிறது, எங்கள் விமானம் ஏன் பசிபிக் வழியாகப் போனது? அந்த வழி 16,500 கிலோமீட்டரைத் தாண்டும், நூலைவிட ஆயிரத்துக்கும் மேலே கூடுதல்.

பாதி பதில் காற்று. ஜப்பானுக்கு மேலேயிருந்து வட பசிபிக் முழுக்க, விமானங்கள் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஒரு ஆறு மாதிரி ஜெட் ஸ்ட்ரீம் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது உண்டு. விமானத்துக்குத் தரையில் எத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கில்லை, காற்றுக்குள் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் கணக்கு, எண்ணெய் தீருவது அதில்தான். காற்றில் 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். துருவ வழியில் காற்று உதவாது என்றால் 15,350 கிலோமீட்டருக்கு 17 மணி நேரம். பசிபிக் வழியில் சராசரியாக 80 கிலோமீட்டர் முதுகில் தள்ளினால் வேகம் 980, 16,600 கிலோமீட்டருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனவன் முன்னால் போய் நிற்கிறான்! ஆற்றோட்டத்தோடு போகிற பரிசல்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மீதிப் பதில் நாடுகள். நூல் போகிற வழி சீனா, மங்கோலியா, ரஷ்யா. சோவியத் காலத்தில் அந்த வானம் கிட்டத்தட்டப் பூட்டியே கிடந்தது, ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகிற பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போகும். 1983 செப்டம்பர் 1-ம் தேதி நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சோல் போன கொரிய விமானம் 007 பாதை விலகிச் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது, 269 பேர் இறந்தார்கள். ஆங்கரேஜிலிருந்து கிளம்பிய பிறகு தானியங்கிக் கருவி போட்டு வைத்த பாதையைப் பிடிக்காமல் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போய்க்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று பின்னால் சர்வதேச விசாரணை சொன்னது. கப்பல்காரனுக்கு வரமாக இருந்த அதே "கோணத்தை விடாதே" இங்கே மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, கடைசியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, நேர மாற்றம் ஒரு காரணம் என்றாலும்.

சோவியத் உடைந்தபின் வானம் திறந்தது. 1998 ஜூலையில் ஹாங்காங்கின் புதிய விமான நிலையம் திறந்தபோது நியூயார்க்கிலிருந்து துருவ வழியாக நிற்காமல் வந்து இறங்கியது கேத்தே பசிபிக் விமானம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க் பக்கத்து நூவர்க்குக்கு நாலு என்ஜின் ஏ340-500 விமானத்தில் நேரடிச் சேவை தொடங்கியது, 2013-ல் நிறுத்தியது. நாலு என்ஜின் குடிக்கிற எண்ணெய்க்குக் கட்டுப்படியாகவில்லை. நீளமான பயணத்தில் ஒரு கொடுமை, கடைசி மணி நேரத்துக்கான எண்ணெயை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்கவேண்டும், சுமப்பதற்கே எண்ணெய் தீரும். 2018 அக்டோபரில் இரட்டை என்ஜின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கிற ரகம்) வந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள், 2020 நவம்பரிலிருந்து கென்னடிக்கும் நேரடியாக. 1,65,000 லிட்டர் எண்ணெய், மொத்தமே 161 இருக்கை, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

2022-ல் உக்ரைன் போர் வந்ததும் பல நாட்டு விமானங்களுக்கு ரஷ்ய வானம் திரும்பவும் மூடிக்கொண்டது. ஃபின்லாந்துக்காரர்கள் பாடுதான் பாவம், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள், ரஷ்யாவைச் சுற்றி, ஒரு வழி துருவத்தின் மேலேயே, பதிமூணு மணி நேரம் பறக்கவேண்டி வந்தது. அவர்களுக்கு இது புதிதும் இல்லை, 1983-ல் சோவியத்தைத் தவிர்த்து அதே துருவ வழியில்தான் அந்தச் சேவையையே தொடங்கினார்கள்.

துருவ வழி திறந்திருந்தாலும் சும்மா போய்விட முடியாது. விமான எண்ணெய் உறையும், ஜெட் ஏ-1 வகை மைனஸ் 47 டிகிரியில், அமெரிக்காவில் ஊற்றுகிற ஜெட் ஏ மைனஸ் 40-லேயே. இறக்கைக்குள் எண்ணெய் அந்தப் பக்கம் நெருங்கினால் கீழே இறங்கவேண்டும், இல்லாவிட்டால் வேகத்தைக் கூட்டவேண்டும். 82 டிகிரிக்கு மேலே வழக்கமான தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் கண்ணுக்கு எட்டாது. சூரியப் புயல் வந்தால் ரேடியோவும் போய்விடும். எங்காவது அவசரமாக இறங்கினால் வெளியே போய் வர, கடுங்குளிர் உடை ரெண்டு செட்டாவது விமானத்தில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் ஆட்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள், 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் நாலு பேர் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்குத் துருவ வழியாக ஓட்டி வந்தது செய்தியில் வந்ததே, அது சுமார் 14,000 கிலோமீட்டர். 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கி, 200-க்கும் மேற்பட்ட பயணிகள் ரெண்டு நாள் அங்கே மாட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். பாதை போடுகிறவர் பார்ப்பது தூரத்தை மட்டும் இல்லை, வழியில் எங்கே இறங்கலாம், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும்தான்.

இவ்வளவும் பேசி முடித்து ஜூன் கடைசியில் திரும்புகிறோம். ராத்திரி பத்தரை மணிக்கு விமானம். அப்பா ஏறினதும் வரைபடத்தைப் போட்டுக்கொண்டார். வந்த வழியே திரும்பும் என்று எதிர்பார்த்தால், அது அட்லாண்டிக்கில் இறங்கிக் கிழக்கே போகிறது! பசிபிக் வழியாகத் திரும்பினால் அதே காற்று முகத்தில் அடிக்கும், அதனால் இந்தப் பக்கமும் காற்றோடு போகிறான். ஐரோப்பா, துருக்கி, அப்புறம் ராத்திரியில் இந்தியா, வங்காள விரிகுடா, சிங்கப்பூர். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. டிக்கெட்டில் போக வர என்று போட்டிருந்தாலும் நாங்கள் போட்டது ஒரு முழு உலகப் பிரதட்சிணம்.

அட்லாண்டிக்கில் விடிந்தபோது அப்பா ரத்த அழுத்த மாத்திரை டப்பாவைத் திறந்தார். காலி.

"எண்ணித்தானே போட்டேன்" என்றார். எண்ணிப் போட்டது நான், நாட்காட்டியைப் பார்த்து, ஒரு தேதிக்கு ஒன்று. கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தோம், சீட்டுக்கு அடியில் தேடினோம், பணிப்பெண்ணும் குனிந்து தேடினாள். சிங்கப்பூரில் கிளம்பின அன்று காலை வீட்டில் ஒன்று போட்டார், அது டப்பாவில் சேராது. அப்புறம் விமானத்தில், அலாஸ்காவுக்குத் தெற்கே எங்கேயோ, பதினோரு பன்னிரண்டு மணி நேரத்தில் ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் "விடிஞ்சிருச்சு" என்று ஒன்று போட்டார், நானே தண்ணீர் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நியூயார்க்கில் இறங்கினபோது அதே தேதிதான். ஒரு தேதிக்கு ரெண்டு காலை.

பசிபிக் வழியாகத் திரும்பியிருந்தால் ராத்திரி கூடவே வந்திருக்கும், ஒரு காலை வராமலே போய்க் கணக்கு நேராகியிருக்கும். இதைத் திரையில் விரல் வைத்து அப்பாவுக்கு விளக்கினேன். அவர் மின்கட்டண ரசீதை எடுத்துப் பின்பக்கம் ஏதோ கழித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"கணக்கு சரிதான். அந்த மாத்திரையைப் போடச்சொல்லித் தண்ணி குடுத்தது நீதானே?"